பெரிய பாபு மேல் ஒரு தீர்ப்பு

ஸ்ரீனிவாசராகவன் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் என்று பெயர் வாங்கியவன். முப்பத்திரண்டு வயது வரையில் அந்தப் பெயரைப் பத்திரமாகக் காப்பாற்றி வந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், மே மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அது கெட்டது.

அன்று முராத் கம்பெனியின் முதலாளி சாலி முராத் அவனைத் தன் அறைக்கு அழைத்து, "ரங்கூன் கிளைக்கு ஒரு டைப்பிஸ்ட் வேண்டும். இருபத்தெட்டாம் தேதி கப்பலில் நீ புறப்படு. இங்கே செய்த தப்பை அங்கேயாவது செய்யாதே" என்று சொல்லிவிட்டார்.

தப்பு என்னவென்றால், கோணிப்பைகள் நானூறு கட்டு மூன்றாம் தேதி படகுத்துறைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கிடங்குக்குக் கடிதம் போயிருக்க வேண்டும். எட்டாம் தேதி என்று போய்விட்டது. கப்பல் நாலாம் தேதியே கிளம்பிற்று. பினாங்கு வியாபாரி தந்தி அடித்துத் திட்டினான்.

கடிதத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தவர் பெரிய பாபு. கல்கத்தாவில் ஆபீஸ் தலைமை குமாஸ்தாவுக்கு அதுதான் பட்டம். ராகவன் அதைப் பார்த்து டைப் அடித்தான். பெரிய பாபு கையெழுத்துப் போட்டார். கையெழுத்தானதும் அந்த ஆபீஸ் வழக்கப்படி கைப்பிரதி கிழிந்து கூடைக்குப் போய்விட்டது. அதில் எட்டு என்றுதான் இருந்தது என்று ராகவன் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைப்பான். பெரிய பாபுவோ முதலாளியிடம், "நான் மூன்று என்றுதான் எழுதினேன். டைப் அடிக்கிறவர் சரியாக அடித்திருப்பார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இத்தனைக்கும் அவர் அந்நியர் இல்லை. லக்ஷ்மிநாராயணன், தஞ்சாவூர்க்காரர், காளிகாட்டில் ராகவன் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி ஒற்றை அறையில் இருப்பவர். மனைவி போய் ஆறு வருஷமாகிறது. சாப்பாடு மெஸ்ஸில். பேச்சு அளந்துதான். ஊர்க்காரர் என்று ராகவன் அவரிடம் ஒருநாளும் சலுகை கேட்டதில்லை. அவர் கொடுத்ததும் இல்லை.

ராகவனுக்குக் கடல் தாண்டுவது கூடப் பெரிதில்லை. மனைவி ஜலஜாவுக்கு எட்டாம் மாசம். அவளுக்குத் தாயார் கிடையாது. காளிகாட்டிலேயே பிரசவம் என்று முடிவாகியிருந்தது. அவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? போகமாட்டேன் என்றால் வேலை போய்விடும். வேலை போனால் அந்தப் பிரசவத்துக்கு வீடே இருக்காது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வராமல் கீழ்த்தளத்தில் கோணி மாதிரிகள் அடுக்கிய அறைக்குள் நுழைந்தான். அங்கே முதலாளியின் சிற்றப்பா மொர்தெகாய் முராத் ஜன்னலோரம் உட்கார்ந்து தடித்த புத்தகம் ஒன்றை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மூன்று மருமகள்கள். ஆகையால் அவர் தினமும் ஆபீஸுக்கு வந்துவிடுவார். எல்லாரும் அவரைச் சாச்சா என்பார்கள். பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம் அது. அவர் பேசுவது பாதி இந்துஸ்தானி, பாதி இங்கிலீஷ்.

"என்ன படிக்கிறீர்கள் சாச்சா?" என்று ராகவன் கேட்டுவைத்தான்.

"எங்கள் பழைய பாட்டுகள், ராகவ் பாபு. எபிரேய பாஷை. இன்றைக்கு வந்தது கொஞ்சம் காரமான பாட்டு."

"காரமென்றால்?"

"துஷ்டர்களைப் பற்றியது. பாடுகிறவன் ஆண்டவனையே அதட்டுகிறான். இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர், எழுந்து வந்து இவர்கள் பல்லைத் தட்டும் என்கிறான்."

"பல்லையா?"

"பல்லைத்தான்."

ராகவன் ஒரு கோணிக் கட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்புறம்?"

"அப்புறம் அவர்கள் இருந்த இடமே தெரியாமல் போகவேண்டுமாம். பாவம், நல்ல வேதனைப்பட்டிருக்கிறான்."

"இதெல்லாம் பலிக்குமா சாச்சா?"

"பல தலைமுறையாகப் படிக்கிறோம். துஷ்டர்களும் இருக்கிறார்கள். நாங்களும் இருக்கிறோம்" என்றார் சாச்சா.

இதற்குப் பலிக்கும் என்று அர்த்தமா, பலிக்காது என்று அர்த்தமா என்று ராகவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அவன் மனம் ஏற்கனவே ஊரில் நரசிம்மர் சந்நிதிக்குப் போய்விட்டது. அவனுடைய மாமா ஒருவர் வரப்புத் தகராறு ஒன்றில் அங்கே எதிரி ஒழிய அர்ச்சனை செய்திருக்கிறார். பெயர், நக்ஷத்திரம், கோத்திரம் மூன்றும் சொன்னார். சொல்லவேண்டியது அர்ச்சனை செய்கிறவன் பெயர். அது ராகவனுக்கும் தெரியும். ஆனால் பழக்கமில்லாத பாஷையில் பல்லைத் தட்டுகிற பாட்டில் தன் பெயரைப் போட்டுவைத்து, ஏதாவது இசகுபிசகாகித் தன் பல்லே போய்விட்டால்? அதற்கு எதிராளியின் பெயரையே நேராகக் கொடுத்துவிடுவது உத்தமம் என்று பட்டது.

"சாச்சா, ஒருவர் பெயரைச் சொல்லி அவருக்கென்று படிக்கிற வழக்கம் உங்களிடம் உண்டா?"

சாச்சா புத்தகத்தை மூடினார். குரல் தணிந்தது. "உண்டு. யாருக்கு?"

"பெரிய பாபு."

"லக்ஷ்மிநாராயண் பாபுவா? அடடா. எத்தனை நாளாக?"

"ரொம்ப நாளாகத்தான் இருக்கவேண்டும்."

"பார்த்தால் தெரியவே இல்லையே."

"பார்த்தால் தெரியாது சாச்சா. கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்."

சாச்சா உச்சுக்கொட்டினார். "சரி. ஏழு நாள் படிக்கிறேன். சனிக்கிழமை நீங்கலாக. அன்றைக்கு ஆண்டவனிடம் ஒன்றும் கேட்கக்கூடாது. அவருடைய தாயார் பெயர் என்ன?"

"தாயார் பெயரா? நக்ஷத்திரம் வேண்டாமா? தகப்பனார் பெயர், கோத்திரம்?"

"அதெல்லாம் வேண்டாம். இன்ன தாயின் பிள்ளை என்றால் போதும். ஆண்டவனுக்கு அடையாளம் தெரிந்துவிடும்."

வீட்டுக்குப் போய் ரங்கூன் விஷயத்தைச் சொன்னபோது ஜலஜா அழுதாள். சாச்சா விஷயத்தைச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம ஊர் மனுஷன் பல்லைத் தட்டச் சொல்லி ஊர்பேர் தெரியாத பாஷையிலே விண்ணப்பம் போட்டுட்டு வந்திருக்கேளாக்கும்."

"பெருமாளுக்கு எல்லா பாஷையும் தெரியும்."

"தெரியட்டும். அவர் பல்லு விழுந்துட்டா நீங்க ரங்கூன் போகாம இருப்பேளா?"

இந்தக் கேள்வியை ராகவன் யோசித்துப் பார்க்கவில்லை. கை கால் அலம்பப் போனான்.

மறுநாள் காலையில் அவனுக்கு வேறு ஒரு தர்மசங்கடம் காத்திருந்தது. பெரிய பாபுவின் தாயார் பெயரை யாரிடம் கேட்பது? அந்த ஆபீஸில் அவருடைய தாயாரைப் பற்றி அறிந்தவர் அவர் ஒருவர்தான். பத்து மணி வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கடைசியில் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"என்ன ஓய்?" என்றார் லக்ஷ்மிநாராயணன், தலை நிமிராமல்.

"ஒண்ணுமில்லே சார். உங்க அம்மா பேர் என்ன?"

அவர் நிமிர்ந்தார். "எதுக்குக் கேக்கறீர்?"

"சும்மாத்தான்."

திட்டப்போகிறார் என்று ராகவன் நினைத்தான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஜகதாம்பாள்" என்றார். "போய் நாலு வருஷமாறது. சேதி இங்க வந்து சேர்றதுக்குள்ளே பத்தாம் நாள் காரியமே ஆயிடுத்து. எங்க அம்மா வெந்தயக் குழம்பு வெச்சா தெருக்கோடி வரைக்கும் வாசனை வரும். நான் கல்கத்தாவுக்கு வரச்சே ஒரு ஜாடி நிறைய எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுக் குடுத்தா. ரயில்லே ஒடைஞ்சு போச்சு. ஒடைஞ்சதைக் கடைசி வரைக்கும் நான் அவகிட்டே சொல்லவே இல்லே. ரொம்ப நன்னா இருந்துதுன்னு கடுதாசி எழுதினேன்."

இவ்வளவு பேச்சை அவர் வாயிலிருந்து ராகவன் ஐந்து வருஷத்தில் கேட்டதில்லை.

"இங்க இருபது வருஷமா இருக்கேன். எங்க அம்மா பேரை ஒருத்தரும் கேட்டதில்லே ஓய்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் பேனாவைத் தேடினார். பேனா அவர் கைக்கு எதிரிலேயே இருந்தது.

ராகவனுக்கு நெஞ்சில் சின்னதாக ஒரு முள் தைத்தது. ஆனால் மாடிப்படி இறங்குவதற்குள் ரங்கூன் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாச்சாவிடம் போய், "ஜகதாம்பாள்" என்றான். சாச்சா அந்தப் பெயரை நாலு தரம் சொல்லிப் பார்த்து நாக்கைப் பழக்கிக்கொண்டார்.

அன்று முதல் காலையில் கீழ்த்தளத்திலிருந்து கணீரென்ற குரல் மாடி வரைக்கும் வந்தது. நடுநடுவே ஜகதாம்பாள் பெயரும் பெரிய பாபு பெயரும் ஏதோ பெரிய மேளக் கச்சேரியில் தாளம் விழுவது போல் விழுந்தன. தெருப்பக்க ஜன்னலோரம் இருந்த பெரிய பாபுவுக்கு வண்டிச் சத்தத்தில் அது எட்டாது. மாடிப்படியோரம் இருந்த ராகவன் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான். குரல் உயர்ந்தால் பல் பாட்டு என்று வைத்துக்கொள்வான். தணிந்தால், இருந்த இடம் தெரியாமல் போகிற பாட்டு.

தீர்ப்பு வருகிற அடையாளங்களும் தெரிந்தன. புதன்கிழமை பெரிய பாபு பேனாவை மைக்கூட்டுக்குப் பதிலாகக் கோந்துக் கிண்ணத்தில் தோய்த்தார். வியாழக்கிழமை நாற்காலிக்கு அரை அடி இந்தப் பக்கமாக உட்காரப் போனார். ப்யூன் பிடிக்காவிட்டால் தரையில்தான் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் உண்டு, அங்கே சனிக்கிழமைதான் விடுமுறை. அன்று முதலாளியின் கோட்டு தாழ்வாரத்துக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய பாபு அதன் எதிரே நின்று, "குட் மார்னிங் சார்" என்று வணங்கிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

இதை ராகவன் வீட்டில் நடித்துக் காட்டினான். ஜலஜா சிரிக்கவில்லை.

"கோட்டைப் பார்த்தா கும்பிட்டார்?"

"கோட்டைப் பார்த்துத்தான். நான் என்ன சொன்னேன்? ஆரம்பிச்சாச்சு."

"கேக்கவே கஷ்டமா இருக்கு. நீங்க அந்தப் படிக்கிறதை நிறுத்தச் சொல்லிடுங்கோ."

"இன்னும் ரெண்டே நாள்தான்" என்றான் ராகவன். அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டான்.

பத்தொன்பதாம் தேதி, ஏழாம் நாள் படிப்பு முடிந்தது. பதினோரு மணிக்குச் சாச்சாவே மாடிக்கு வந்தார். கையில் ஒரு மூங்கில் கூடை. அதில் பஸ்ரா பேரீச்சம்பழமும் இரண்டு மாதுளையும். நேரே பெரிய பாபுவின் மேஜைக்குப் போய் அதை வைத்தார்.

"உடம்பு எப்படி இருக்கிறது, லக்ஷ்மிநாராயண் பாபு? ஏழு நாள் முடித்துவிட்டேன். ஜகதாம்பாள் பிள்ளை லக்ஷ்மிநாராயண் நோய் தீர்ந்து எழுந்திருக்க வேண்டும் என்று படித்தேன். நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்களுக்குக் கடமை. நீங்கள் எங்கள் வீட்டுச் சமையலைச் சாப்பிடமாட்டீர்கள். பழம் சாப்பிடலாம் அல்லவா?"

ராகவனின் விரல்கள் டைப் மிஷின் மேலேயே நின்றுவிட்டன. யூதர்கள் ஒருவர் பெயரைத் தாயார் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் படித்தால் அது நோயாளிக்காக வேண்டிக்கொள்வது என்பது அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. ஏழு நாளும் கீழே இருந்து இடிமுழக்கமாக வந்ததெல்லாம் பெரிய பாபுவின் ஆரோக்கியம்.

பெரிய பாபுவின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு உடம்பு சரியில்லை என்று யார் சொன்னார்கள்?"

"ராகவ் பாபுதான். நல்ல பிள்ளை. உங்களைப் பற்றி மிகவும் வருத்தப்பட்டான்."

சாச்சா போனதும் லக்ஷ்மிநாராயணன் எழுந்து மேஜையைத் தடவிக்கொண்டே ராகவனிடம் வந்தார். அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"எப்ப தெரிஞ்சுது உமக்கு?"

"எது சார்?"

"என் கண்ணு." இமையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "ஒரு வருஷமாப் புகை மூடிண்டு வரது. ஆஸ்பத்திரியிலே காமிச்சேன். படலம் வளர்ந்திருக்கு, அறுக்கணும், ரெண்டு மாசம் பேனாவைத் தொடப்படாதுன்னான். ரெண்டு மாசம் இந்த நாற்காலி காலியா இருந்தா வேற ஆள் உக்காந்துடுவான். எனக்கு இதை விட்டா ஒண்ணுமில்லே. அதனாலே மறைச்சுண்டு இருந்தேன். அன்னிக்கு மூணு எழுதினேனா எட்டு எழுதினேனான்னு எனக்கே தெரியாது. எட்டுன்னு நீர் அடிச்சிருந்தா நான் எழுதினது எட்டுதான். தெரிஞ்சேதான் உம்ம மேலே போட்டேன்."

ராகவனுக்குக் கோந்துக் கிண்ணமும் கோட்டும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"இதெல்லாம் தெரிஞ்சும் நீர் முதலாளி சாஹேப்கிட்டே போய்ச் சொல்லலே. சொல்லியிருந்தா அன்னிக்கே தப்பிச்சிருப்பீர். அதுக்குப் பதிலா எனக்காக வேண்டிக்கச் சொல்லியிருக்கீர். இப்பவே உள்ளே போய் நடந்ததைச் சொல்லிடறேன். ரங்கூனுக்கு நீர் போகவேண்டாம்."

ராகவன் பேசாமல் நின்றிருந்தால் போதும். ஒரு வார்த்தை சொல்லவேண்டாம், தலையைக் கூட ஆட்டவேண்டாம். ஜலஜா, பிரசவம், வீடு எல்லாம் பிழைத்துவிடும். அவன் மூன்று எண்ணும் நேரம் அப்படி நின்றும் பார்த்தான். எதிரே இருந்தவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அந்தக் கண்ணுக்குத் தன் முகம் சரியாகத் தெரியாது என்பதை நினைத்தபோதுதான் அவனால் நிற்க முடியவில்லை.

"சார், நான் உங்களுக்காக வேண்டிக்கச் சொல்லலே."

"பின்னே?"

"உங்க கண்ணு விஷயம் எனக்குத் தெரியாது. அவா பாட்டிலே கெட்டவாளைத் தண்டிக்கச் சொல்றது இருக்கு. அதை உங்க பேரிலே படிக்கச் சொன்னேன். பல்லைத் தட்டறது. சாச்சா வியாதிக்காரருக்காக்கும்னு நினைச்சுண்டுட்டார்."

"அம்மா பேரைக் கேட்டது அதுக்குத்தானா?"

"ஆமாம் சார்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். முதலாளியின் அறைப் பக்கம் போகவில்லை. மத்தியானம் ஆயிற்று, மூன்று மணி ஆயிற்று. ராகவன் பதினாறு கடிதங்கள் அடித்தான். ரங்கூனுக்கு எத்தனை வேஷ்டி எடுத்துப் போவது, ஜலஜாவுக்குத் துணையாக யாரைக் கெஞ்சுவது என்று யோசித்தபடியே அடித்தான். மனசு என்னவோ காலையில் இருந்ததைவிட லேசாக இருந்தது. அது அவனுக்கே ஆச்சரியம்.

நாலரை மணிக்கு, "ஓய்" என்று கூப்பிட்டார் பெரிய பாபு. "சாஹேப் ரூம் வாசல்லே ரெண்டு படி இருக்கு. எனக்குத் தெரியறதில்லே. கையைப் பிடிச்சுண்டு வாரும்."

ராகவன் பிடித்துக்கொண்டான். நடக்கும்போது அவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்.

"காலையிலே நீர் வாயை மூடிண்டு இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. இருந்தும் சொன்னீர். அதுக்கப்புறம் நான் அந்த நாற்காலியிலே எப்படி உக்காந்துண்டிருக்கறது? அஞ்சு மணி நேரம் உக்காந்து பார்த்துட்டேன், முடியலே. இன்னொண்ணு. எங்க அம்மாவைப் பத்தி ஒரு மனுஷன் கேட்டான்னு எட்டு நாளா நான் சந்தோஷமா இருந்தேன். நீர் எதுக்குக் கேட்டீரோ, என் சந்தோஷம் நெஜம்தான். பல்லும் பத்திரமாத்தான் இருக்கு. படி வந்துடுத்தா?"

"வந்துடுத்து சார். இடது காலை எடுத்து வையுங்கோ."

சாலி முராத் முதலில் கோபித்தார். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு வருஷமாகக் கண் தெரியாமல் தன் கம்பெனியின் கடிதங்கள் போயிருப்பதை நினைத்து அவருக்குத் திகில். பிறகு கையைப் பிடித்துக்கொண்டே நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரங்கூனுக்கு அந்த ஊரிலேயே ஆள் பார்க்கச் சொல்லி எழுதிவிடுவதாகச் சொன்னார். பெரிய பாபு நாளைக்கே ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். நாற்காலி இரண்டு மாசம் காத்திருக்கும். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் காத்திருக்காது. பினாங்கு வியாபாரிக்குப் போகவேண்டிய மன்னிப்புக் கடிதத்தைப் பெரிய பாபு இப்போதே தன் பெயரில் சொல்லவேண்டும், ராகவன் எழுதவேண்டும். அந்த வியாபாரி பதிலே போடவில்லை என்பது வேறு விஷயம்.

வெளியே வரும்போது ராகவன் சாச்சாவிடம் போய் உண்மையைச் சொன்னான். அவர் சிரித்த சிரிப்பில் கோணி மாதிரிகளிலிருந்து தூசி பறந்தது.

"முதலிலேயே சொல்லக்கூடாதா? அதற்கு வேறு பக்கங்கள் இருக்கின்றன. நாளைக்கு ஆரம்பிக்கட்டுமா?"

"வேண்டாம் சாச்சா."

"நல்லது. அந்தப் பக்கங்களை நான் யார் பெயரும் சொல்லிப் படிப்பதில்லை. ஆண்டவனுக்கு முகவரி தெரியும். நாம் எழுதினால் தப்பாகப் போய்விடும்."

வீட்டுப் படி ஏறும்போதே ராகவன், "ரங்கூன் இல்லே" என்று சொல்லிக்கொண்டு போனான். ஜலஜா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழுவதையும் கேட்டு முடித்தாள்.

"கண்ணை அறுத்தா மல்லாந்து படுத்துண்டே இருக்கணுமாமே" என்றாள் கடைசியில். "அந்த மெஸ்ஸுக்காரன் ஆஸ்பத்திரிக்கு ரசஞ்சாதம் கொண்டுபோய்க் குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

"நீங்க கொண்டுபோவேளா?"

"போவேன். ஆனா உன் நிலைமையிலே இன்னொருத்தருக்கும் சேர்த்துச் சமைக்க முடியுமா?"

"ஒரே பானைதானே" என்றாள் ஜலஜா. எழுந்துபோய் மறுநாளைக்கு வைத்திருந்த அரிசியில் இன்னும் ஓர் ஆழாக்கு அளந்து போட்டாள்.